சுவருக்குச் சொன்ன பாடம்

தோகாத், 18 மார்ச் 2011

ரிஃபத்,

உன் போனுக்குப் பதினோரு தடவை அடித்துவிட்டேன். அணைத்து வைத்திருக்கிறாய். விடுதிப் பதிவேட்டில் உன் அண்ணனின் ரொட்டிக்கடை முகவரி இருந்தது. கேட்டால் வார்டன் தரமாட்டார் என்பதால், அவர் தேநீர் எடுக்கப் போன நேரத்தில் பார்த்துக் கையில் எழுதிக்கொண்டேன். பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டு அப்புறம் "வரவே இல்லை" என்று நீ சொல்ல முடியாது.

மார்ச் மூன்றாம் தேதி, வியாழக்கிழமை நாடக வகுப்பிலிருந்து நீ எழுந்து போனாய். இரண்டு வியாழன் கடந்துவிட்டன. நான்கு முறை வரை வராமல் இருக்கலாம், ஐந்தாவது முறையும் வராவிட்டால் அந்தப் பாடத்தில் தோல்வி என்று பாட ஆசிரியர் அய்த்தென் ஹோஜா நேற்று வகுப்பில் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்த்தார். ஒரு பாடத்துக்காக ஜூனில் ஆசிரியர் ஆகாமல் இன்னொரு வருடம் உட்காரப் போகிறாயா? விடுதி அறையில் நீ விட்டுப்போன போர்வையைப் போர்த்திக்கொண்டு கோக்ஹான், "பய பன்னு சுடப் போயிட்டான், அங்க அவன யாரும் நாடக வகுப்பு மாதிரி மரமா நிக்கச் சொல்ல மாட்டாங்கள்ல" என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

என்மேல்தான் கோபம் என்று நினைக்கிறேன். ஆனால் என்ன தப்பு செய்தேன் என்று எனக்குப் புரியவில்லை. ஹோஜா கொடுத்த காட்சி இதுதான்: படிக்க வராத ஒரு பிள்ளை, பொறுமை இழந்த ஒரு டீச்சர். நான் டீச்சர், நீ பிள்ளை. நீ வழக்கம்போல உட்கார்ந்து எழுத்துக்கூட்டினாய். நான், "போ, போய் சுவருக்குப் படிச்சுக் காட்டு. அதுக்காவது பொறுமை இருக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றாய். காட்சி முடிந்தது என்று ஹோஜா சொன்ன பிறகும் திரும்பவில்லை. நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். முதல் வாரம் நாடகப் பாடம் பற்றி ஹோஜா கொடுத்த கருத்துப் படிவத்தில் முப்பது கேள்விக்கும் 'சிறிதும் உடன்படவில்லை' என்று குறித்த ரிஃபத்தா இப்படி நடிக்கிறான் என்று எனக்கே ஆச்சரியம். அப்புறம் நீ கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

நீ மெதுவாகப் படிப்பதைக் கேலி செய்தேன் என்று எடுத்துக்கொண்டாயா? சத்தியமாக இல்லை. அது வெறும் விளையாட்டு. விளையாட்டில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று ஒரு வாரம் யோசித்தேன். வேண்டும் என்றால் கேட்கிறேன். மன்னித்துவிடு. வந்துவிடு.

துலின்

●

உன்யே, 22 மார்ச்

துலினுக்கு,

கடிதம் கிடைத்தது. சிரமம் எடுத்துக்கொண்டு முகவரி தேடி எழுதியதற்கு நன்றி. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. மன்னிப்புக் கேட்க ஒன்றுமே இல்லை.

நான் திரும்பி வரப்போவதில்லை. ஆசிரியர் வேலை எனக்கு ஒத்துவராது என்று முடிவு செய்துவிட்டேன். அண்ணன் இல்யாஸுக்கும் கடையில் ஆள் தேவை. கணிதம் கற்பித்தல் நோட்டை நீ வைத்துக்கொள். போர்வையை கோக்ஹானே வைத்துக்கொள்ளட்டும்.

போன் செய்ய வேண்டாம். போனில் யாராவது "என்ன ஆச்சு" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிடுவேன், அதோடு பேச்சு முடிந்துவிடும். எழுதும்போது அப்படி முடிவதில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. இந்த அரைப் பக்கத்தை மூன்று முறை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

ஒரே ஒரு கேள்வி. அந்தச் சுவர் வாக்கியம் உனக்கு எங்கிருந்து வந்தது? இரண்டு விரலை நீட்டி, தலையைத் திருப்பாமல், தோளுக்கு மேலே பின்பக்கம் காட்டினாயே, அது எங்கிருந்து வந்தது? அதற்கு மட்டும் பதில் எழுது.

ரிஃபத்

●

தோகாத், 25 மார்ச்

ரிஃபத்,

முதலில் உன் முடிவுக்குப் பதில்: முடியாது. நோட்டை வைத்துக்கொள்ள மாட்டேன். உன் கையெழுத்து எனக்குப் புரியாது.

இரண்டாவது, உன் கேள்வி. இதற்கா இத்தனை பீடிகை? அது என் அப்பாவுடையது. அப்பா நெஜாத்தி தொடக்கப்பள்ளி ஆசிரியர், இரண்டு வருடம் முன்புதான் ஓய்வு பெற்றார். எங்கள் வீட்டில் அது தினமும் கேட்கும் பேச்சு. நான் ஏதாவது சாக்குச் சொன்னால், "போ, சுவருக்குச் சொல்லு". அம்மா பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிக் குறை சொன்னால், "சுவருக்குச் சொல்லு ஃபிக்ரியே, அதுக்குப் பொறுமை இருக்கு". இரண்டு விரலும் அவருடையதுதான். நான் அவரை மாதிரியே செய்து காட்டினால் வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், அவர் உட்பட. சின்ன வயதில் நான் பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து நெஜாத்தி சார் ஆகிவிடுவேன். உண்மையைச் சொன்னால் நான் இந்தப் படிப்புக்கு வந்ததே அதனால்தான்.

அந்தக் காலத்தில் எங்களை துர்ஹாலில் விட்டுவிட்டு அவர் கிராமம் கிராமமாகப் போய் வேலை பார்த்தார். அல்முஸ் பக்கம் நான்கு வருடம். அப்புறம் நிக்சாருக்கு மேலே மலையில் ஒரு கிராமத்தில் மூன்று வருடம், ஐந்து வகுப்புக்கும் ஒரே அறை, ஒரே அடுப்பு. சனிக்கிழமை வரும்போது கோட்டில் விறகுப் புகை வாசனை அடிக்கும். அவர் பட்ட பாட்டை நினைத்தால் நமக்கு இந்தப் படிப்பெல்லாம் சொர்க்கம். நீயும் நிக்சார் பக்கம்தானே, அந்தக் குளிர் உனக்குத் தெரியுமே.

நேற்று மூன்றாவது முறையாக உன் பெயருக்கு நேரே 'இல்லை' விழுந்தது. வா.

துலின்

●

உன்யே, 29 மார்ச்

துலின்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேற்று முழுக்க மாவு மூட்டை தூக்கினேன். எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதினால் உன்னிடமிருந்து எதையோ பறிப்பது மாதிரி இருக்கும். எழுதாமல் போனால், விளையாட்டுக்குக் கோபித்துக்கொண்டு ஓடியவன் என்று நீ நினைத்துக்கொண்டே இருப்பாய். இரண்டில் எது பரவாயில்லை என்று பார்த்து எழுதுகிறேன்.

அந்த மலைக் கிராமம் என் கிராமம். நெஜாத்தி சார் மூன்று வருடம் என் ஆசிரியர்.

எனக்கு மூன்றாம் வகுப்பு வரை படிக்க வரவில்லை. எழுத்துகள் தெரியும், சேர்த்தால் சொல் வராது. அவர் கத்தமாட்டார், கை ஓங்கியதே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து வகுப்புக்கு ஐம்பத்திரண்டு பிள்ளைகள் அவரிடம் இருந்தோம். என் முறை வரும். நான் திக்குவேன். அவர் கரும்பலகையில் நான்காம் வகுப்புக்குக் கணக்கு எழுதிக்கொண்டே, திரும்பாமல், இரண்டு விரலால் பின்பக்கம் காட்டுவார். "போ, போய் சுவருக்குப் படிச்சுக் காட்டு." நான் புத்தகத்தோடு போய் நிற்பேன். மூக்கு சுவரில் இடிக்கும் தூரம். சுண்ணாம்பு அடித்த சுவர், நெற்றியில் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்குப் போனால் அம்மா முக்காட்டு நுனியை எச்சில் தொட்டுத் துடைத்துவிடுவாள். ஏன் என்று கேட்டதில்லை. கேட்காமலே தெரியும் போல.

மார்ச் மூன்றாம் தேதி நீ அந்த விரலைக் காட்டியபோது நான் நடிக்கவில்லை. கால் தானாகப் போனது. இருபத்திரண்டு வயதில், கையில் புத்தகம்கூட இல்லாமல் போய் நின்றேன். பின்னால் கைதட்டல் கேட்டது.

ஆனால் நான் ஓடியது அதனால் இல்லை. இதை எழுதத்தான் இரண்டு நாள் ஆனது.

போன பருவத்தில் நமக்குப் பள்ளிப் பயிற்சி இருந்ததே. பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பள்ளி, இரண்டாம் வகுப்பு. எல்மாஸ் என்று ஒரு பெண், கடைசி வரிசை. படிக்க வராது. டிசம்பரில் ஒரு நாள் நான் பாடம் எடுக்கிறேன், மேற்பார்வைக்கு ஆள் வந்து பின்னால் உட்கார்ந்திருக்கிறார், எல்மாஸ் ஒரு வரியில் மாட்டிக்கொண்டு நகரவே இல்லை. எனக்கு வியர்க்கிறது. என் வாயிலிருந்து அது வந்தது. அதே சொல், அதே விரல். அந்தப் பெண் எழுந்து சுவரிடம் போனாள். மேற்பார்வையாளர் எனக்கு எண்பத்தைந்து மதிப்பெண் போட்டார். வகுப்பைக் கட்டுக்குள் வைத்திருந்தேனாம்.

அதை மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். உன் காட்சியில் சுவர் முன்னால் நின்றபோது நான் நெஜாத்தி சாரை நினைக்கவில்லை. அந்தப் பெண்ணைத்தான் நினைத்தேன்.

நாடகப் பாடம் எனக்கு ஏன் பிடிக்கவில்லை என்று எல்லோரும் கேட்டீர்கள். மற்ற பாடத்தில் எல்லாம் மனப்பாடம் செய்து எழுதித் தப்பித்துவிடலாம். இதில் உடம்பு உளறிவிடுகிறது. உள்ளே இருப்பது இப்படிப்பட்டது என்று தெரிந்த பிறகு நான் எந்த முகத்தோடு பிள்ளைகள் முன்னால் நிற்பேன்?

உன் அப்பாவிடம் எதுவும் சொல்லாதே. அவருடைய கோட்டில் புகை வாசனை அடித்தது எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

ரிஃபத்

●

துர்ஹால், 3 ஏப்ரல், ஞாயிறு

ரிஃபத்,

சொல்லாதே என்றாய். சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை உன் கடிதம் வந்தது, சனிக்கிழமை காலை மினிபஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அம்மா திராட்சை இலையில் அரிசி வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "அப்பா, நிக்சார் மலையில நீங்க பிள்ளைங்கள சுவர் முன்னாடி நிக்க வெச்சீங்களா?" என்றேன்.

"யாரு சொன்னா?"

"வெச்சீங்களா இல்லையா?"

"அது சும்மா ஒரு பேச்சு, துலின். அடிக்கிறவங்க இருந்த காலம் அது. நான் ஒருத்தன் மேலயும் கை வெச்சதில்ல."

"அதையும் அவனே சொல்லிட்டான்."

"ஐம்பது பிள்ளை, ஒத்தை ஆளு. ஒருத்தன் ஒரு வரியில அரை மணி நேரம் நின்னா மத்தவன் என்ன பண்ணுவான்? சுவர்கிட்ட போய் தனியா படிச்சா கூச்சமில்லாம படிப்பான்னுதான் அனுப்பினேன்."

அம்மா இலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "என்னையும் முப்பது வருஷமா அங்கதான் அனுப்புறீங்க நெஜாத்தி. எனக்கு இன்னும் கூச்சம் போகல" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. அப்பா செய்தித்தாளை மடித்துவிட்டு, "எந்தப் பையன்?" என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். உன் அண்ணன் பெயரைச் சொன்னேன். அவருக்கு ஞாபகம் இல்லை, ரிஃபத். அந்தக் கிராமத்தில் உறைவிடப்பள்ளித் தேர்வில் ஜெயித்த இரண்டு பிள்ளைகளின் பெயர், அவர்கள் அப்பாக்களின் பெயர், எத்தனை மதிப்பெண் என்று எல்லாம் சொன்னார். உன்னைத் தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்து கத்திவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை. அவர் எழுந்து உள்ளே போனார், இன்று மதியம் வரை சாப்பிட வரவில்லை.

நீ என்னிடமிருந்து எதையோ பறிப்பதாக எழுதினாய். பறித்தாய்தான். ஆனால் இதையும் கேள். எனக்கு நடிப்பு நன்றாக வருகிறது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அப்பாவின் குரலை எடுத்துப் போட்டுக்கொண்டு அதை என் திறமை என்று நினைத்திருக்கிறேன். வியாழக்கிழமை வகுப்பில் ஹோஜா என்னை டீச்சராக நிற்கச் சொன்னார். வாயைத் திறந்தேன், ஒரு வார்த்தை வரவில்லை. அவர் குரல் இல்லாமல் நான் டீச்சர் ஆனால் எப்படிப் பேசுவேன் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அதைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முன்னால் கண்டுபிடிக்காமல், இங்கே கண்டுபிடித்தேன். உன்னால்.

நீ பத்து வயசுப் பையனாக இருந்தபோது யாரும் கேட்காத மன்னிப்பை நான் இப்போது கேட்கிறேன். இந்த முறை யோசிக்காமல்.

நான்கு 'இல்லை' ஆகிவிட்டது. ஏழாம் தேதிதான் கடைசி. ஹோஜாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. எல்மாஸ் படிக்கும் பள்ளிக்கு நான் வெள்ளிக்கிழமை போகிறேன், அவளைப் பார்க்கட்டுமா?

துலின்

●

உன்யே, 5 ஏப்ரல்

துலின்,

அவளைப் பார்க்காதே. அது என் வேலை.

உன் கடிதத்தை மாவு பிசையும் மேசையிலேயே வைத்திருந்தேன், இல்யாஸ் அண்ணன் எடுத்துப் படித்துவிட்டான். பக்கத்துக்குப் பக்கம் அவன் விரல் ரேகை. படித்துவிட்டு அடுப்பிலிருந்து ஒரு பலகை பிதே ரொட்டியை இழுத்து வைத்தான். ஆள் எல்லாம் போன பிறகு என்னைக் கேட்டு எல்மாஸ், எண்பத்தைந்து மதிப்பெண் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு ஆரம்பித்தான்.

"அந்தச் சுவர்ல நானும் நின்னிருக்கேன்டா. நீ மூணாவது, நான் அஞ்சாவது. அதோட படிப்பு வேணாம்னு கிளம்பிட்டேன். நீ ஏன் கிளம்பல?"

"தெரியல."

"உனக்கு ரோஷம் ஜாஸ்தி. சுவரப் பாத்து நின்னே எழுத்துக்கூட்டிக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்ட. நான் பக்கத்துல நின்னு கேட்டேன்டா, எனக்குத் தெரியும். இப்ப உன் வாயிலயும் அந்த வார்த்தை வந்திருச்சு, அதான் பயம். சரி. வந்ததுன்னு தெரிஞ்சவன் நீ ஒருத்தன். அந்த சாருக்குத் தெரியல, எண்பத்தஞ்சு போட்டவனுக்குத் தெரியல. தெரிஞ்சவன் ரொட்டி சுடுவான், தெரியாதவன் எல்லாம் போய் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுப்பானா? ரொட்டி சுட எனக்கு ஆள் கிடைக்கும். போடா அந்தப் பக்கம்."

என் பையில் ஆறு ரொட்டியைத் திணித்துவிட்டான். கோக்ஹானிடம் போர்வையைக் கேட்டு வை.

நாளைக்குக் கிளம்புகிறேன். இந்தக் கடிதமும் நானும் ஒன்றாக வந்து சேர்ந்தாலும் சேர்வோம். முதலில் பள்ளிக்கூடம், அப்புறம்தான் ஹோஜா வகுப்பு. வகுப்பில் எதையும் எதிர்பார்க்காதே.

ரிஃபத்

●

கார்ஸ், அர்பாச்சாய் மலைக் கிராமம், 24 நவம்பர் 2011

அன்புள்ள துலின்,

ஆசிரியர் தினம். பிள்ளைகள் காலையில் எனக்கு ஒரு உயிர் வாத்து கொடுத்தார்கள். சின்னப் பெட்டியில் போட்டு, கழுத்தில் நாடா கட்டி. வாங்கிக்கொண்டு "நன்றி" என்றேன், அது என் கையைக் கொத்தியது. வகுப்பே உருண்டு சிரித்தது. இங்கே பதினேழு பேர். குன்றின் மேல் ஏறி நின்றால் போனுக்குச் சிக்னல் வரும். ஏறினால் காதில் பனிக்காற்று. எழுதுவதே மேல்.

இன்றைக்கு ஆசிரியர்களுக்கு நன்றி எழுதுவது வழக்கம். நான் உனக்கு எழுதுகிறேன். ஏப்ரலில் நேரில் சொல்ல வரவில்லை. தேர்வு, பட்டமளிப்பு, நியமனம் என்று ஓடிவிட்டது, அல்லது ஓடவிட்டேன்.

அன்று காலை பள்ளியில் நடந்ததை உன்னிடம் சொல்லவே இல்லை. இடைவேளையில் எல்மாஸைக் கூப்பிட்டேன். முழங்காலில் உட்கார்ந்து, டிசம்பரில் உன்னைச் சுவரிடம் அனுப்பினேன், அது தப்பு, மன்னித்துவிடு என்றேன். பஸ்ஸில் வரும்போதே நூறு முறை சொல்லிப் பார்த்த வாக்கியம். அவள் என்னைப் பார்த்து, "எந்தச் சுவர் சார்?" என்றாள். மறந்துவிட்டாளா, எனக்காக மறந்த மாதிரி இருந்தாளா, இன்று வரை தெரியவில்லை. "சார், ஒரு பக்கம் படிக்கிறேன், கேக்கிறீங்களா? வீட்ல யாரும் கேக்கமாட்டேங்கறாங்க" என்றாள். மணி அடித்த பிறகும் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம். இருபது நிமிடம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்க என்னால் முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

மதியம் வகுப்பில் நடந்தது உனக்குத் தெரியும். அதே காட்சியை நான் டீச்சராக இருந்து செய்கிறேன் என்று கேட்டதும் நீ முகம் வெளுத்துப்போய்ப் பிள்ளையாக உட்கார்ந்ததும். ஆனால் உனக்குத் தெரியாதது ஒன்று. நீ திக்கியபோது அந்த வாக்கியம் மறுபடி என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவ்வளவு நடந்த பிறகும். விழுங்கினேன். அதற்குப் பதிலாக என்ன சொல்வது என்று தெரியாமல்தான் அவ்வளவு நேரம் நின்றேன். கோக்ஹான் இருமினான். கடைசியில் உன் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "எனக்கும் மூணாவது வரைக்கும் படிக்க வரல. வா, சேர்ந்து பாப்போம்" என்றேன். அது நடிப்பில்லை. யாரும் கைதட்டவில்லை. அய்த்தென் ஹோஜா ஜன்னலைத் திறந்துவிட்டு, "பத்து நிமிஷம் வெளிய போயிட்டு வாங்க" என்றார், அவர் மூக்கு சிவந்திருந்தது.

இங்கே வாரத்தில் இரண்டு மணி நேரம் பிள்ளைகளோடு நாடகம் செய்கிறோம். எனக்கு இன்னும் பாதி வெட்கம்தான். ஒன்று மட்டும் விதி: யாரையும் மரமாக நிற்கச் சொல்வதில்லை.

நீ பதிவுத் தபால் அனுப்பாமல் இருந்திருந்தால் இந்நேரம் நான் பிதே வெட்டிக்கொண்டிருப்பேன். அதுவும் கௌரவமான வேலைதான். ஆனால் இது என் வேலை. உனக்கு நன்றி. உன் அம்மாவின் கையை மரியாதையோடு முத்தமிடுகிறேன்.

ரிஃபத்

●

துர்ஹால், 12 ஜனவரி 2012

அன்புள்ள ரிஃபத்,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வாத்து இடத்தில் சிரித்தாள், எல்மாஸ் இடத்தில் எழுந்து தேநீர் ஊற்றப் போய்விட்டாள். எனக்கு நியமனம் இன்னும் வரவில்லை. சர்க்கரை ஆலைக்குப் பக்கத்துப் பள்ளியில் தற்காலிக வேலை. புதுக் குரலைத் தேடிக்கொண்டிருக்கிறேன். சில நாள் கிடைக்கிறது. சில நாள் அப்பா மாதிரியே வந்து, பாதியில் நிறுத்திப் பிள்ளைகளிடமே, "இத வேற மாதிரி சொல்லிப் பாக்கிறேன்" என்கிறேன். அவர்களுக்கு அது ஒரு விளையாட்டு ஆகிவிட்டது. "டீச்சர், வேற மாதிரி!" என்று அவர்களே கத்துகிறார்கள்.

அப்பாவைப் பற்றி எழுத வேண்டும்.

அன்றிலிருந்து வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அம்மாவிடம்கூட அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. வாய் வரை வரும், நிறுத்திவிடுவார், அம்மா மெதுவாகச் சிரிப்பாள். கோடையில் அலமாரி மேலிருந்து பழைய புகைப்படப் பெட்டியை இறக்கினார். நிக்சார் கிராமத்தில் எடுத்த வகுப்புப் படம் ஒன்று இருக்கிறது. ஐம்பத்திரண்டு தலை. பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பார்த்தார். பின்னால் பெயர் எழுதப் பார்த்தார், முப்பத்தொன்று எழுதினார். படத்தில் நீ யார் என்று தேடிக் காட்டட்டுமா என்று நான் கேட்டேன். வேண்டாம், நானே கண்டுபிடிக்கணும் என்றார்.

போன ஞாயிறு சாப்பிடும்போது கரண்டியை வைத்துவிட்டு, "எழுது அவனுக்கு" என்றார். "நான் சொல்றத அப்படியே எழுது. மாத்தாதே." அப்படியே எழுதுகிறேன்:

"ரிஃபத், எவ்வளவு யோசிச்சும் உன் முகம் எனக்கு ஞாபகம் வரல. வந்திருச்சுன்னு பொய் சொல்லலாம், துலினும் நம்புவா. ஆனா வரல. ஏன்னு யோசிச்சேன். உன் முகத்த நான் பாத்ததே இல்ல. நீ அந்தப் பக்கம் திரும்பி நின்ன. நான்தான் திருப்பி நிக்க வெச்சேன். அத நினைச்சா எனக்கு வெட்கமா இருக்கு."

இதைச் சொல்லிவிட்டு, சூப் ஆறிவிட்டது என்று அம்மாவைக் குறை சொன்னார். அம்மா எழுந்து சூடு பண்ணிக்கொண்டு வந்தாள். இரண்டு பேருமே அழுதுகொண்டிருந்தார்கள்.

நீ பதில் எழுத வேண்டிய அவசியம் இல்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. எனக்காகவும் எழுதாதே. உனக்குத் தோன்றினால் மட்டும்.

துலின்

●

கார்ஸ், 5 ஏப்ரல் 2012

அன்புள்ள துலின்,

மூன்று மாதம் ஆகிவிட்டது. பாதை பனியில் மூடியிருந்தது, தபால் போகவில்லை என்று சொல்லலாம். போனது. நான்தான் எழுதவில்லை.

"உன்னை நன்றாக ஞாபகம் இருக்கிறது மகனே" என்று அவர் எழுதியிருந்தால், மரியாதையாக இரண்டு வரி எழுதி முடித்திருப்பேன். நம்பியிருக்கமாட்டேன். அவர் சொன்னது அந்த மூன்று வருடத்தைப் பற்றி நான் கேட்ட முதல் உண்மை. அதற்கு அவர் படம் முன்னால் உட்கார்ந்திருந்த மாதங்களை நினைத்துப் பார்க்கிறேன். அவர் எனக்குச் செய்ததில் பெரியது அதுதான். அவரிடம் இதைச் சொல்லு. இல்லை, சொல்லாதே, நானே சொல்கிறேன்.

இருபத்து மூன்றாம் தேதி குழந்தைகள் தினம். நாங்கள் ஒரு நாடகம் போடுகிறோம். வாத்துகள் எல்லாம் சேர்ந்து ஊர்த்தலைவரிடம் புகார் கொடுக்கப் போகும் கதை. முழுக்கப் பிள்ளைகள் இட்டுக்கட்டியது, தினமும் மாறுகிறது, ஊர்த்தலைவருக்கு இன்னும் தெரியாது. நீயும் அப்பாவும் அம்மாவும் வரவேண்டும். எர்சுரும் வழியாகக் கார்ஸ் வரைக்கும் பஸ். அங்கே பாலாடைக்கட்டிக் கடைகளுக்கு எதிரே அர்பாச்சாய் மினிபஸ் நிற்கும். ஓட்டுநர் செத்தாரிடம் "சார் வீட்டுக்கு" என்று சொன்னால் போதும். பனி உருகிச் சேறாகக் கிடக்கிறது. அப்பாவை ரப்பர் பூட்ஸ் கொண்டுவரச் சொல்லு. புகை வாசனை அடித்த அந்தக் கோட்டையும்.

விருந்தாளி வருகிறார் என்று நேற்று வகுப்பில் சொன்னேன். முதல் வரிசையில் யாதிகார் என்று ஒரு பெண், எதையும் விசாரிக்காமல் விடமாட்டாள்.

"யாரு சார் அவரு? இன்ஸ்பெக்டரா?"

"இல்ல. என்னோட சார்."

அவளுக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருப்பவளைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"சாருக்கே சார் இருந்தாரா?"

"இருந்தாரு."

"நீங்க நல்லாப் படிச்சீங்களா சார்?"

"இல்ல. ரொம்ப மோசம்."

வகுப்பு முழுக்க ஒரே சத்தம். யாதிகார் மட்டும் யோசித்துக்கொண்டே இருந்தாள். மாலை வீட்டுக்குப் போகும்போது கதவருகே நின்று, "அப்ப அவர முதல் வரிசையில உக்கார வைக்கணும் சார். அங்கதான் எல்லாருடைய மூஞ்சியும் நல்லாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

நாற்காலி போட்டாயிற்று. வாருங்கள்.

ரிஃபத்